தோளில் இருந்த கை

ஜனவரி 9

சிட்டு,

எட்டு மாதமாக நீ என் போனை எடுக்கவில்லை. அதனால்தான் கடிதம். நீ இதைக் கிழித்துப் போடலாம், ஆனால் கவரைப் பிரிக்காமல் உன்னால் இருக்க முடியாது. சின்ன வயதில் எனக்கு வந்த கவர்களையே பிரித்தவள் நீ.

சண்டையைப் பற்றி எழுதப் போவதில்லை. என் மகளின் கல்யாண ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாய். இனி நான் என்ன சொன்னாலும் எடுபடாது. இது நன்றிக் கடிதம் மட்டுமே.

கல்யாணத்தன்று மண்டபத்துக் குழாயடியில் நான் கால் கழுவிக்கொண்டிருந்தேன். நீ குனிந்து என் குதிகாலைப் பார்த்து, "என்னண்ணா இது, கறுப்பா இருக்கு? டாக்டர்கிட்ட காட்டு" என்றாய். "நடந்து நடந்து காய்ச்சிப் போயிருக்கு, போ" என்று நான் விரட்டிவிட்டேன். போன மாதம் அதிலிருந்து ரத்தம் கசிந்தது. டாக்டரிடம் காட்டச் சொல்லி உன் அண்ணி விடவில்லை. போட்டோ ஸ்டுடியோவை மூடிவிட்டுப் போய் டாக்டர் வாசலில் காத்துக் கிடக்க எனக்கு நேரம் ஏது? நல்ல விளக்குப் போட்டு, குதிகாலைப் படம் எடுத்து, குடும்ப டாக்டருக்குப் போனில் அனுப்பினேன். "சாதாரண மச்சம்தான். நிறம் ஒரே சீரா இருக்கு, ஓரமும் ஒழுங்கா இருக்கு. செருப்பு உரசி ரத்தம் வந்திருக்கும், பயப்படாதீங்க" என்று பதில் வந்தது.

பயம் தீர்ந்தது. என் குதிகாலைப் பற்றிக் கவலைப்பட்ட முதல் ஆள் நீ என்பதால் உனக்கும் ஒரு பிரிண்ட் போட்டு இதனுடன் வைத்திருக்கிறேன். அக்கறைக்கு நன்றி. வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அண்ணன்


ஜனவரி 15

அண்ணனுக்கு,

கவரைப் பிரித்தேன். அதனால் சமாதானமாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

உங்கள் குதிகாலைக் கடை வாசலுக்கு எடுத்துப்போய், பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். இந்தப் பெயிண்ட் கடையில் பத்தொன்பது வருடமாக நிறம் கலக்குகிறேன். சுவரிலிருந்து பெயர்ந்த சில்லைக் கொண்டுவந்து "இதே கலர் வேணும்" என்பார்கள். மெஷின் ஓர் எண்ணைச் சொல்லும். நான் மெஷினை அவ்வளவாக நம்புவதில்லை, சில்லை வாசலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். இதுவரை எந்தச் சில்லும் ஒரே நிறமாக இருந்ததில்லை.

உங்கள் படத்தில் இருப்பது ஒரே கறுப்பு. சுற்றியிருக்கும் தோலும் மைதா மாவில் பிசைந்தது போல ஒரே சீராக இருக்கிறது. ஐம்பத்தெட்டு வயது ஆம்பளையின் குதிகாலில் ஒரு வெடிப்புகூடக் கிடையாதா? அண்ணியிடம் காட்டினால் விழுந்து விழுந்து சிரிப்பார். குழாயடியில் நான் பார்த்தது இது இல்லை. அதில் காப்பித்தூள் நிறம் ஒன்று இருந்தது, கறுப்பு ஒன்று, ஒரு மூலையில் நீலம் பாய்ந்த சாம்பல் ஒன்று. ஓரம் கையால் கிழித்த காகிதம் மாதிரி இருந்தது.

நீங்கள் அதைச் சரிசெய்திருக்கிறீர்கள், ஆல்பத்தில் என்னைச் சரிசெய்தது போலவே. டாக்டர் பார்த்தது உங்கள் காலை இல்லை, உங்கள் கைவேலையை.

நாளைக்கே நேரில் போய், செருப்பைக் கழற்றி, காலை அவர் கண்முன் நீட்டுங்கள். அதற்குப் பிறகு எழுதுவதானால் எழுதுங்கள்.

தங்கை


பிப்ரவரி 20

சிட்டு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்தது கோபம்தான். எதையும் தொடவில்லை என்று சத்தியமே செய்திருப்பேன். உனக்கு நிரூபித்துக் காட்டுவதற்காகவே கம்ப்யூட்டரைத் திறந்தேன். குதிகால் படம் இரண்டு இருந்தது. ஒன்று கேமராவிலிருந்து வந்தது, மற்றது நான் அனுப்பியது. இரண்டுக்கும் இடையே ஆறு நிமிடம்.

அந்த ஆறு நிமிடம் என் நினைவிலேயே இல்லை. பருவையும் தழும்பையும் கருவளையத்தையும் முப்பது வருடமாகத் துடைத்த கை இது. பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவர்களைக்கூட விட்டதில்லை. யாரும் கேட்காமலே, பக்கத்தில் ரேடியோ பாடிக்கொண்டிருக்க, என் சாவையும் துடைத்து வைத்திருக்கிறது.

மறுநாளே போனேன். டாக்டர் காலைப் பார்த்தார், போனில் படத்தைப் பார்த்தார், மறுபடி காலைப் பார்த்தார். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அங்கே துளியூண்டு வெட்டிச் சோதித்தார்கள். தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்று. குதிகாலில் அந்த இடத்தை அகலமாக வெட்டி எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது, அங்கேயும் போயிருக்கிறது. நுரையீரலில் மிளகளவில் இரண்டு புள்ளி.

இதில் எழுதியதைத் திருத்தாமல் அப்படியே அனுப்புகிறேன்.

புற்று டாக்டர் ஒரு பெண். பாதிச் சிரிப்பும் மீதி அதட்டலுமாகப் பேசுகிறவர். "இன்னும் நாலு மாசம் அந்தப் படத்தை நம்பி உக்காந்திருந்தீங்கன்னா, நாம பேச வேண்டியதே வேறயா இருந்திருக்கும். யார் நேர்ல போகச் சொன்னது?" என்று கேட்டார்.

"பெயிண்ட் கடையில ஒரு தங்கச்சி இருக்கா" என்றேன்.

அடுத்த மாதம் மருந்து தொடங்குகிறது. அது புற்றைக் கொல்லும் மருந்து இல்லையாம். நம் உடம்பிலேயே காவல்காரச் செல்கள் இருக்கின்றன, அவற்றுக்குப் போட்டிருக்கும் கடிவாளத்தைக் கழற்றிவிடுமாம். அவை புற்றை அடையாளம் கண்டால் பிழைப்பேன். காணாவிட்டால் இல்லை.

எப்படியானாலும் நீ கொடுத்த நாட்கள்தான் இவை. அதைச் சொல்லிவிட வேண்டும்.

அண்ணன்


பிப்ரவரி 27

அண்ணா,

கடையில் நிறம் கலக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முதலாளி, "தின்னர் வாடை கண்ணுல ஏறிடுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்றைக்கு யாரோ ஒருவருடைய கூடத்துக்கு ஒன்றரை மடங்கு பச்சை போய்விட்டது. அவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லி எடுத்துப்போனாராம்.

நன்றி நன்றி என்று எழுதாதே. எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நான் செய்தது ஒரு குறை சொன்னது. குறை சொல்வது எனக்குக் கைவந்த கலை என்று அண்ணியே சொல்வார்.

நன்றி சொல்ல வேண்டியது நான். எனக்குப் பதினொரு வயதில் முதல் வெள்ளைத் திட்டு வந்தது, இந்த வலது கையில். பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் உட்காராமல் எல்லோரும் நகர்ந்துகொண்டார்கள். நீ பெரிய வகுப்பு. தெரு முழுக்க உன் சேக்காளிகள் பார்க்க, தினமும் இந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டு போவாய். இடது கையை நீட்டினால் தட்டிவிடுவாய். "அந்தக் கையைக் குடு" என்பாய். அந்த ஒரு வருடத்தை வைத்துத்தான் நான் இத்தனை வருடம் அரைக்கைச் சட்டை போட்டு நடந்தேன்.

அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஆல்பத்தில் என் முகத்தையும் கழுத்தையும் நீ ஒரே நிறமாக்கியது பெரிய விஷயமில்லை. மரப்பாச்சிப் பொம்மை மாதிரி இருந்தேன், போகட்டும். குடும்பப் படத்தில் நீ நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய், நான் உன் பின்னால் நின்று உன் தோளில் கை வைத்திருந்தேன். ஆல்பத்தில் உன் தோளில் கை இல்லை. சட்டை மட்டும் இருக்கிறது. உன் கைகூட யாரோ கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டுப் போன மாதிரி விறைப்பாக இருக்கிறது.

நிறத்தைத் துடைத்தால் துடைத்துவிட்டுப் போ. கையை ஏன் எடுத்தாய்?

இதைக் கேட்கப் பத்து மாதம் ஆனது. உனக்கு உடம்பு சரியில்லாத நேரத்தில் கேட்கிறேனே என்று குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். ஒழுங்காகச் சாப்பிடு.

சிட்டு


மார்ச் 10

சிட்டு,

"நீங்கள்" போய் "நீ" வந்துவிட்டது. உன் அண்ணியிடம் காட்டினேன். "அப்ப பிழைச்சுக்குவீங்க" என்றாள்.

கேட்டதற்குப் பதில். முகத்தைச் சீராக்குவது சுலபம். வெள்ளைச் சட்டையின் மேல் திட்டுத் திட்டாக வெளுத்த கை சரியாக அமையவில்லை. இரண்டு மணி நேரம் போராடிவிட்டு எடுத்துவிட்டேன். இது தொழில் காரணம். இதை மட்டும் சொல்லித் தப்பித்துவிடலாம் என்று நேற்று வரை நினைத்திருந்தேன்.

உண்மைக் காரணம் வேறு. ஆல்பம் சம்பந்தி வீட்டுக்குப் போகப் போகிறது. அவர்கள் சொந்தக்காரர்கள் புரட்டிப் பார்த்து, "பொண்ணோட அத்தைக்கு என்ன, இது குடும்பத்துல வருமா?" என்று கேட்பார்கள் என்று பயந்தேன். சிட்டு, நான் உன்னை நினைத்து வெட்கப்பட்டேன். பதினாறு வயதில் இல்லாத வெட்கம் ஐம்பத்தேழு வயதில் வந்தது. அவர்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளை மட்டும், "அத்தை ஏன் படத்துல வேற மாதிரி இருக்காங்க?" என்று கேட்டார். நான் வெளிச்சத்தின் மேல் பழியைப் போட்டேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. இதற்கு உடனே மன்னிப்புக் கிடைத்தால் எனக்கே மதிப்பாக இருக்காது. உண்மையைச் சொல்ல ஆள் இருக்கிறதே, அதற்கு நன்றி. வெள்ளிக்கிழமை முதல் பாட்டில் ஏற்றினார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. ஜன்னலோர நாற்காலி, நல்ல வெளிச்சம், பக்கத்தில் ஓயாமல் பேசும் ஒரு தையல்காரர். உடம்புக்குள் காவல்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒரு தகவலும் இல்லை.

அண்ணன்


ஜூன் 6

சிட்டு,

இந்தக் கடிதத்தை உன் அண்ணியிடம் காட்டாமல் நானே தபாலில் போடுகிறேன்.

உன்னிடம் ஓர் உதவி கேட்க வேண்டும். கேட்க எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரியும். நான்கு வாரமாக என் முழங்கையில் வெள்ளைத் திட்டு வந்திருக்கிறது. முதலில் ஒன்று, இப்போது ஐந்து. இடது புருவத்தில் ஒரு கொத்து முடி நரைத்துவிட்டது, அதைப் பென்சிலால் தீட்டிக்கொள்கிறேன். இதுவரை முழுக்கைச் சட்டை காப்பாற்றியது. இந்த வாரம் விரல்களுக்கு வந்துவிட்டது. ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் என் கையைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொள்கிறார்கள். இத்தனை வருடம் உன்னை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். சத்தியமாக நினைத்துப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் நர்ஸ், "புதுசா ஏதாவது உண்டா?" என்று கேட்கிறார். இல்லை என்கிறேன். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிட்டால் எனக்கு வேறு வழி கிடையாது. அடுத்த மாதம்தான் ஸ்கேன். அதுவரை சமாளித்துவிட்டால் போதும்.

நிறம் கலக்குவதில் உன்னை மிஞ்ச ஆளில்லை. என் கைக்குப் பொருந்தும்படி, தண்ணீரில் போகாத ஒரு பூச்சு தயாரித்துத் தர முடியுமா? கை நிறத்துக்கு ஒரு படம் வைத்திருக்கிறேன். இது திருத்தாத படம்.

அண்ணன்


ஜூன் 11

அண்ணா,

நான் கலக்குவது சுவருக்கும் இரும்புக் கதவுக்கும். கதவுக்குக் கேட்டாயானால் ஒரு டின் அனுப்புகிறேன், ஐந்து வருடம் மழைக்குத் தாங்கும்.

முதலில் சிரித்தேன், பொய் சொல்ல மாட்டேன். யாரை யார் கேட்கிறார்கள் பார் என்று வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு புருவத்தில் பென்சிலோடு நீ கண்ணாடி முன்னால் நிற்பதை நினைத்துப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

உனக்கு இன்னும் புத்தி வரவில்லையா? குதிகாலை டாக்டரிடம் திருத்திக் காட்டினாய், சாவு வாசல் வரை வந்தது. இப்போது கையைத் திருத்திக் காட்டப் பார்க்கிறாய். உனக்குள்ளே என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய இருக்கும் ஒரே வழி உன் உடம்பு. அதற்கும் பூச்சா? மருந்தை நிறுத்துவார்களா, கூட்டுவார்களா, உனக்கு என்ன தெரியும்? நீ என்ன டாக்டருக்கா படித்தாய்?

பூச்சு கிடையாது. அண்ணிக்கு ஐந்து நிமிடத்துக்கு முன்னால் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அதான் என் புருவப் பென்சில் காணாமப் போகுதா!" என்றார். அடுத்த தடவை அவரும் உன்னோடு வருவார், அரைக்கைச் சட்டை எடுத்து வைத்துவிட்டாராம்.

என் மேல் கோபம் வந்தால் வரட்டும். எட்டு மாதம் வரை நான் தாங்குவேன்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள். முதல் மாதம்தான் மோசமாக இருக்கும். அதன் பிறகு, பார்வையைத் திருப்பிக்கொள்கிறவர்களை நாமே பரிதாபமாகப் பார்க்கப் பழகிவிடுவோம். இது நாற்பத்திரண்டு வருட அனுபவம்.

சிட்டு


ஜூலை 4

சிட்டு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உன் அண்ணி என்னைக் கைதியைப் போல அழைத்துப் போனாள். புற்று டாக்டர் அறைக்குள் நுழைந்ததும், "இவர் எதையோ மறைக்கிறார் டாக்டர், பாருங்க" என்று என் கையைப் பிடித்து மேஜை மேல் வைத்தாள். புருவத்தைக் கைக்குட்டையால் அவளே துடைத்துவிட்டாள்.

டாக்டர் ஒவ்வொரு திட்டாக உற்றுப் பார்த்தார். நான் தீர்ப்புக்குக் காத்திருந்தேன். அந்த அம்மாள் முகத்தில் சிரிப்பு வந்தது.

"இதையா மறைச்சீங்க?" என்றார். "நாங்க இது வராதான்னு பாத்துக்கிட்டிருக்கோம்."

பிறகு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுச் சொன்னார். "தாய் வயித்துல புள்ளைக்கு ஒரு மாசம்கூட ஆகாதப்போ, முதுகுப் பக்கம் ஒரு மடிப்பு மூடிக்கும். அதுதான் பின்னாடி மூளையும் தண்டுவடமுமா ஆகுறது. அந்த மடிப்போட விளிம்புல கொஞ்சம் செல்லுங்க இருக்கும். அதுங்க அங்கயே தங்காது, கிளம்பி நடக்க ஆரம்பிச்சுடும். சிலது முகத்து எலும்பாகும், சிலது குடலுக்குப் போய் நரம்பாகும், சிலது கிட்னி மேல இருக்கிற சுரப்பிக்குள்ள போய் உக்காரும். சிலது தோலுக்கு வந்து நிறம் கொடுக்கும். உங்க குதிகால் வரைக்கும் நடந்து வந்ததுல ஒண்ணுதான் கெட்டுப்போச்சு. கெட்டுப்போனாலும் அது பொறந்த வீட்டு அடையாளம் அது மேல இருக்கும். காவல்காரச் செல்லுங்க அந்த அடையாளத்தை வெச்சுத்தான் பிடிக்கணும்."

"அப்ப இந்த வெள்ளை?"

"அதே அடையாளம் உங்க கையில இருக்கிற நல்ல நிறச் செல்லுங்க மேலயும் இருக்கே. கெட்டதும் நல்லதும் ஒரே வீட்டுப் புள்ளைங்க. காவல்காரங்களுக்கு அந்த அடையாளம் தெரிஞ்சுபோச்சுன்னா, ரெண்டு பேரையும் பிடிச்சுக்கிட்டுப் போறாங்க. அதுதான் உங்க கை வெளுக்குது. உறுதின்னு சொல்ல மாட்டேன். ஆனா இப்படி வெளுக்கிறவங்களுக்கு மருந்து நல்லா கேக்குறதைப் பார்த்திருக்கோம்."

உன்னைப் பற்றிக் கேட்டேன். சிறு வயதிலிருந்து தங்கைக்கு இதே போல இருக்கிறது, புற்று ஒன்றும் இல்லையே என்றேன். "அவங்க காவல்காரங்க யாரும் கடிவாளத்தைக் கழட்டாமயே கிளம்பிட்டாங்க. அப்படி இருக்கிறவங்களுக்கு இந்தப் புற்று வர்றது கம்மின்னும் சொல்றாங்க" என்றார். நான் காசநோய்க்காரனைப் போல இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆல்பத்தில் எதைத் துடைத்தேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நேற்று ஸ்கேன் முடிவு வந்தது. நுரையீரலில் இரண்டு புள்ளியில் ஒன்றைக் காணோம். மற்றது பாதியாகச் சுருங்கியிருக்கிறது. மருந்து தொடரும். இன்னும் பயம் போகவில்லை, ஆனால் காலையில் பசிக்கிறது.

இரண்டு தடவை காப்பாற்றியிருக்கிறாய், இரண்டு தடவையும் திட்டியே. நன்றி, சிட்டு. கூச்சப்பட்டாலும் கேட்டுக்கொள்.

கேமராவிலிருந்து வரும் படத்தை நான் ஒருபோதும் அழிப்பதில்லை. கல்யாணத்தன்று எடுத்த குடும்பப் படத்தை, ஒரு புள்ளியும் மாற்றாமல், பெரியதாகப் போட்டு அனுப்பியிருக்கிறேன். சம்பந்தி வீட்டுக்கும் ஒன்று கொடுத்துவிட்டு வந்தேன், அரைக்கைச் சட்டையில். அதில் இருப்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. நீயே பார்.

அண்ணன்


ஜூலை 9

அண்ணா,

ஸ்கேன் செய்தியை முதலாளிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவர் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். என் காவல்காரர்கள் பதினொரு வயதிலிருந்து வேலைக்குப் போகிறார்கள் என்று தெரிந்ததும், "அப்ப உன்னை விட அவங்களுக்குத்தான் சீனியாரிட்டி" என்கிறார்.

படம் வந்தது. கடை வாசலுக்கு எடுத்துப்போய், பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். என் முகம் என் முகமாக இருக்கிறது. நீ நாற்காலியில், நான் பின்னால், உன் தோளில் என் கை. இவ்வளவுதான் எனக்கு நினைவிருந்தது. அன்றைக்கு மேடையில் ஒரே கூச்சலாக இருந்தது, நான் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கை மேல் உன் கை இருக்கிறது, அண்ணா. உன் கையைத் தூக்கி என் விரல்களைப் பிடித்திருக்கிறாய். பார்க்காமலே, பழக்கத்தில் பிடித்த மாதிரி. வெள்ளையாக இருக்கும் அந்த இரண்டு விரலைத்தான்.

என் கையை எடுப்பதற்கு உன் கையையும் எடுக்க வேண்டியிருந்திருக்கிறது. வேறு படத்திலிருந்து ஒரு கையைக் கொண்டுவந்து மடியில் வைத்திருக்கிறாய். இதை நீ மார்ச்சிலேயே சொல்லியிருந்தால் உனக்குச் சாதகமாக இருந்திருக்குமே. ஏன் சொல்லவில்லை என்று யோசித்தேன். புரிந்தது. நீ அன்று மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் இன்றைக்குக் கொடுக்கவில்லை. தேவைப்படவில்லை.

படத்தை நிறம் கலக்கும் மெஷினுக்கு மேலே மாட்டிவிட்டேன். நாளைக் காலை வண்டியில் வருகிறேன். ரயில் நிலையத்துக்கு வந்து நில், அரைக்கைச் சட்டையில் வா. தெருவைத் தாண்டும்போது கையை நீட்டுவேன்.

சிட்டு